மூன்று தடவை ‘இதோ வர்றேன்’

அத்தியாயம் 9

ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. அம்மா வைத்துவிட்டுப் போன பாக்கியில் இன்னும் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

கைமாற்று வாங்கின கடன் இல்லை அது. பேச்சுக் கடன். பழைய ஹாலிவுட் குடும்பப் படம் ஒன்றுக்குத் தமிழில் பெண்டாட்டி குரல் கொடுப்பதற்காக, பன்னிரண்டு ரீலுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு முன்பணம் வாங்கியிருந்தாள் அம்மா. ஏழு ரீல் பேசினாள். எட்டாவது ரீலுக்கு ஆள் இல்லை. வாங்கின பணமோ வீட்டு வாடகையிலும் அவளுடைய மூச்சிழுப்பு மருந்திலும் என்றைக்கோ கரைந்துபோயிருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. குரலைக் கேட்டார்கள்.

அதே குரல் அந்த வீட்டில் இன்னொன்று இருந்தது. மூத்த மகள் பெரியவளுடையது. அவள் போனை எடுத்து ‘ஹலோ’ என்றால், அம்மாவின் சிநேகிதிகள் பாதி ஊர்க்கதையைக் கொட்டிவிட்டுத்தான் ஆள் மாறிப்போனதைக் கண்டுபிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது அவள் வேலை. லீவு நாளில் எல்லாம், புருஷன் குரல் கொடுக்கிற அப்பாவோடு போய், அம்மாவின் இடத்தில் நின்று நாலு ரீல் பேசி முடித்துவிட்டாள். இன்றைக்குக் கடைசி ரீல்.

காலையில் அவள் சமையலறைக்குள் வந்தபோது அப்பா மழமழவென்று முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் கோட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கொடுக்கப் போகும் நாளெல்லாம் அப்படித்தான்.

“இருட்டு ரூமுக்குள்ள உங்களை யாருப்பா பார்க்கப் போறாங்க?”

“குரல் பார்க்கும்.”

மேசையில் இரண்டு கோப்பை டீ. ஒன்று அவர் முன்னால். இன்னொன்று எதிர் நாற்காலிக்கு முன்னால். தனக்குத்தான் என்று நினைத்துப் பெரியவள் கையை நீட்டினாள்.

“அது ஆறட்டும் கண்ணு. அவ சூடா குடிக்கமாட்டா.”

நீட்டின கை அப்படியே நின்றது. அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுமாதிரி.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே தம்பி நின்றுகொண்டு டாக்சி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். கண்ணைக் காட்டி அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா, அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க, கூப்பிடவே இல்லைன்னுதானே அப்பா நம்மகிட்ட சொன்னாரு?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“பக்கத்து வீட்டம்மா நேத்து என்னைப் பிடிச்சு அழுறாங்க. ‘அன்னிக்கு உங்கம்மா மூணு தடவை கூப்பிட்டாங்கப்பா, சுவரு வழியா நல்லாக் கேட்டுச்சு. மூணு தடவையும் உங்கப்பா இதோ வர்றேன், இதோ வர்றேன்னு சொன்னாரு. ஆளுதான் பக்கத்துல இருக்காரேன்னு நாங்க எழுந்து வரலை’ங்கிறாங்க.”

அன்றைக்குப் பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. தம்பி வெளியூர் சவாரி. வீட்டில் இருந்தது அப்பாவும் அம்மாவும் மட்டும்தான்.

“அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சுடா. வேற எதையாவது...”

“வயசானா மூணை எண்ணத் தெரியாதா? கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தாருன்னா, சத்தியமா சொல்றேன், நான் என் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். இந்த ஆளு மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன். நீயே கேளு. நான் கேட்டா கை நீண்டுடும்.”

“அவரு நம்ம அப்பாடா.”

“அவங்க நம்ம அம்மாக்கா.”

தம்பிதான் இரண்டுபேரையும் ஸ்டுடியோ வாசலில் இறக்கிவிட்டான். முன்சீட்டைப் பெரியவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஏறின அப்பா, வழியெல்லாம் கதவோரமாக ஒடுங்கியே உட்கார்ந்து வந்தார். பக்கத்தில் இன்னொருவர் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

“மூணு மணிக்கு வர்றேன்” என்றான் தம்பி, அக்காவை மட்டும் பார்த்து. “பதிலோட வா.”

*

ஸ்டுடியோ பூமிக்கு அடியில் இருந்தது. பதினாறு படி இறங்கவேண்டும். மெத்தை வைத்துத் தைத்த சுவர். சன்னல் என்ற பேச்சே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் வெளியே வெயிலா மழையா, உலகம் இருக்கிறதா போய்விட்டதா என்பதே தெரியாது. பேசினால் பேச்சு வாயை விட்டு இரண்டடி போய் அப்படியே விழுந்துவிடும்.

ஒரு மூலையில் சத்தங்களுக்கான சாமான்கள். சுவரே இல்லாமல் நிலையோடு நிற்கிற ஒரு கதவு, சரளைக்கல் கொட்டின தட்டு, மூன்றே மூன்று மரப்படி. அந்தப் படிகள் எங்கேயும் போகாது. மூன்றாவது படியில் ஏறினால் மூக்கு சுவரில் இடிக்கும். படத்தில் யாராவது மாடி ஏறினால் அதில் ஏறி இறங்கிச் சத்தம் எடுப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர். அவருக்கு ‘காது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அங்கே ‘வீட்டுக்காரர்’ என்று பெயர். பின்னே, இருபத்திரண்டு வருஷமாக அவர் பேசினதெல்லாம் புருஷன் வேஷம்தானே.

“வாங்க வீட்டுக்காரரே. வா பாப்பா. இன்னியோட இந்த ரெண்டுபேருக்கும் சமாதானம் பண்ணி வெச்சிடுவோம்.”

ரெண்டுபேர் என்றது படத்துப் புருஷன் பெண்டாட்டியை. அந்தக் காலத்துக் கறுப்புவெள்ளைப் படம். பத்துப் பேர் குடியிருக்கலாம் போன்ற வீட்டில் இரண்டே பேர் சண்டை போட்டுக்கொண்டு திரிவார்கள். அவன் தொப்பியைத் தூக்கிப் போட்டால் ஆணியில் போய் மாட்டும். அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகும்போதும் மறக்காமல் கையுறை மாட்டிக்கொள்வாள். வக்கீல் வருவார், விவாகரத்துப் பேப்பர் வரும், நாய்க்குட்டி யாருக்கு என்று தகராறு வரும். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். படுக்கையறையில் மட்டும் ஆளுக்கு ஒரு கட்டில், நடுவில் ஒரு விளக்கு.

“இவ்வளவு தள்ளிப் படுத்தா சண்டை வராம என்ன செய்யும்?” என்று அம்மா சிரிப்பாளாம்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதிக் கொடுக்கிறவர் ‘அன்பே’ என்று எழுதியிருந்தால் பென்சிலால் அடித்துவிட்டு ‘என்னங்க’ என்று போட்டுவிடுவாள். “எந்தப் பொண்டாட்டி வீட்டுல அன்பேன்னு கூப்பிடறா? வீட்டுல எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் பேசுவேன்.” பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய பென்சில் கோடு இருக்கும்.

பெரியவள் ஹெட்போனை மாட்டினாள். அம்மாவின் மூச்சு அதில் இருந்தது.

குரல் கொடுக்கிறவர்களிடம் பெருமூச்சு, விம்மல், சிரிப்பு எல்லாம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அம்மாவுடையது ஒரு டிராக் நிறைய இருந்தது. பெரியவள் பேச்சுக்கு நடுவே அந்த மூச்சைத்தான் ‘காது’ ஒட்டிவந்தார். இழுப்புக்காரியின் மூச்சு, கடைசியில் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். பேச்சு மகளுடையது, மூச்சு அம்மாவுடையது. இரண்டுபேரையும் சேர்த்து ஒரு பெண்டாட்டி.

படுக்கையறைக் காட்சி வந்தது. திரையில் அந்தப் பெண்டாட்டி விளக்கின்மேல் கையை வைக்கிறாள்.

“லைட்டை அணைச்சிடவா?” என்றாள் பெரியவள்.

‘ம், அணைச்சிட்டுப் படு’ என்று அப்பா சொல்லவேண்டும். அப்பா திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“மருந்து குடிச்சியா?”

‘காது’ டேப்பை நிறுத்தினார். “வீட்டுக்காரரே, பேப்பர்ல அது இல்லையே.”

“வாய்க்குச் சரியா உட்காருது, பாருங்க.”

ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் அந்த வெள்ளைக்காரன் உதட்டைக் குவித்து, விரித்து, மூடினான். ‘மருந்து குடிச்சியா.’ அச்சில் வார்த்தமாதிரி உட்கார்ந்தது. அவன் அதைத்தான் கேட்டான் என்று சத்தியம் செய்யலாம்.

‘காது’ தலையைச் சொறிந்தார். “இதுக்கு நான் என்ன சொல்ல? அடுத்ததுக்குப் போவோம்.”

அடுத்த வசனத்துக்குப் பெரியவள் வாயைத் திறக்கும் முன்பு, காதுக்குள் அந்த மூச்சு வந்தது. நீளமாக இழுத்து, கடைசியில் விசில். ரொம்பப் பக்கத்தில். கழுத்தில் சூடு பட்டதுபோல இருந்தது.

“காது சார், அம்மா மூச்சைக் கொஞ்சம் குறைங்களேன். பேச முடியலை.”

கண்ணாடிக்குப் பின்னால் அவர் குனிந்து எதையோ பார்த்தார். நிமிர்ந்தார்.

“அந்த டிராக்கை நான் இன்னிக்குத் திறக்கவே இல்லை பாப்பா.”

பெரியவள் அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா தன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொட்டிலில் தூங்குகிற பிள்ளையின் மூச்சைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

*

இடைவேளையில் கடைசிக் காட்சிக்கான தாளை ‘காது’ கொண்டுவந்து கொடுத்தார். பெரியவள் படித்தாள். ஒரு தடவை படித்தவள் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள்.

புருஷன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். பெண்டாட்டி மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். ‘அன்பே, சற்று மேலே வருகிறீர்களா?’ அதன்மேல் பென்சில் கோடு. பக்கத்தில் அம்மாவின் குண்டுக் கையெழுத்து: ‘என்னங்க, கொஞ்சம் வாங்களேன்.’

அவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறான்: ‘இதோ வர்றேன்.’

அவள் மறுபடி கூப்பிடுகிறாள். அவன் மறுபடி, ‘இதோ வர்றேன்.’

மூன்றாவது தடவை. ‘இதோ வர்றேன்.’ அதற்குப் பிறகுதான் எழுந்து போகிறான். அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது: பார்க்கிறவர்கள் சிரிக்கவேண்டிய இடம்.

தாளோடு அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா.”

“ம்.”

“அம்மா அன்னிக்கு மூணு தடவை கூப்பிட்டாங்களா?”

மெத்தைச் சுவர் அந்தக் கேள்வியை விழுங்கிவிடும் என்றுதான் நினைத்தாள். விழுங்கவில்லை. அப்பா கோட்டுப் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“பன்னிரண்டாவது ரீல்தான் கஷ்டம்னு அதை அவ முன்கூட்டியே, அன்னிக்குச் சாயங்காலம் வீட்டு டேப்புல ஒத்திகை பேசி வெச்சிருந்தா. நான் பதில் பேசிப் பழகறதுக்கு. மூச்சு வாங்குதுன்னு பாதியிலேயே நிறுத்திட்டா போலிருக்கு. எனக்கு அது தெரியாது கண்ணு. அவ உள்ரூம்ல படுத்திருந்தா. நான் முன்ரூம்ல அந்தப் பழைய ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுலதான் வெளிச்சத்தமும் கலந்து வருமே.”

“அப்புறம்?”

“வசனப் பேப்பரைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். கடைசி சீன் வருது. சரியா அந்த இடத்துல, ‘என்னங்க, கொஞ்சம் வாங்களேன்’. நான் ‘இதோ வர்றேன்’னேன். ரெண்டாவது தடவை குரல்ல கொஞ்சம் பயம் தெரிஞ்சுது. அடடே, நல்லாப் பண்றாளேன்னு நினைச்சேன். மூணாவது தடவை பேச்சே இல்லை, மூச்சுதான். மனசுக்குள்ள கை தட்டினேன் கண்ணு. அவ்வளவு நல்லா இருந்துச்சு. நானும் நல்லாவே பதில் சொன்னேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ‘காது’ தன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். மைக் திறந்தே இருந்திருக்கிறது.

“அந்த மூணாவதை இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசை. டேப்பைப் பின்னால சுத்திப் போட்டேன்.” அப்பா நிறுத்தினார். “டேப்புல ஒண்ணுமே இல்லை. வெறும் உஸ்ஸுன்னு ஓடுது.”

அப்படியென்றால் கூப்பிட்டது டேப் இல்லை, உள்ரூமிலிருந்து அம்மாவேதான். அம்மா அங்கே படுத்தபடி மூன்று தடவை அந்தப் பதிலைக் கேட்டிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட குரல். இதோ வந்துகொண்டிருக்கிறார் என்றே நம்பிக் காத்திருப்பாள்.

“ஏம்பா எங்ககிட்ட சொல்லலை?”

“சொன்னா நீங்க ரெண்டுபேரும் என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும். அவ ஒருத்திதான் இன்னும் மாறாம பார்க்கிறா.”

அவர் கண் போன திசையில், எங்கேயும் போகாத அந்த மூன்று படிகள் இருந்தன.

“நீ கூப்பிடு கண்ணு. அதே மாதிரி கூப்பிடு. ஒரு தடவையாவது நான் எழுந்து போகணும்.”

கூப்பிடாமல் எழுந்து வெளியே போய்விடலாம். பதினாறு படி ஏறினால் வெளிச்சம், மூன்று மணிக்குத் தம்பி. பெரியவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மாடிப்படி.

“என்னங்க, கொஞ்சம் வாங்களேன்.”

“இதோ வர்றேன்.”

“என்னங்க... கொஞ்சம் வாங்களேன்.”

“இதோ வர்றேன்.”

மூன்றாவதை டோக்கன் நம்பர் சொல்வதுமாதிரி சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். வாயைத் திறந்தாள். பாதிப் பேச்சு வரவில்லை. மூச்சுதான் வந்தது, கடைசியில் மெல்லிய விசிலோடு. அவளுக்கு இழுப்பு கிடையாது.

அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். “இதோ வந்துட்டேன்” என்றார். தாளில் இல்லாத பேச்சு. நடந்துபோய் மரப்படியில் காலை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மேலே நின்று, கதவைத் தொடுவதுபோல, மெத்தைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். ‘காது’ டேப்பை நிறுத்தவில்லை.

*

எடுத்ததை ஓட்டிக் கேட்டார்கள்.

மூன்று அழைப்பு, மூன்று பதில். படியேறும் சத்தம் மூன்று. திரையில் அந்தப் புருஷன் மாடிக்குப் போய்ச் சேருகிறான். பெண்டாட்டி முதுகைக் காட்டி நிற்கிறாள். அந்த இடத்தில் வசனம் கிடையாது. கொஞ்சநேரம் வெறும் உஸ்.

அந்த உஸ்ஸுக்குள்ளிருந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, அம்மா பேசினாள்.

“அவசரமில்லைங்க. மெதுவா வாங்க.”

டேப் ஓடி முடிந்து நுனி பட்பட்டென்று அடித்துக்கொண்டது. அதை நிறுத்தக்கூட ‘காது’க்குக் கை வரவில்லை.

“நீ பேசினியா பாப்பா?”

“இல்லை.”

“நானும் எதையும் திறக்கலை.” சுழலுகிற டேப்பை அப்போதுதான் நிறுத்தினார். “அழிச்சிடவா?”

“வேண்டாம்” என்றார் அப்பா. இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தார். நாள்பூரா மூட்டை சுமந்து கடைசி மூட்டையையும் இறக்கினவன் முகம்போல இருந்தது அவர் முகம். “கேட்டியா கண்ணு?”

“கேட்டேன்பா.”

“கோவமா சொல்லலை இல்லே?”

“இல்லைப்பா. கோவமே இல்லை.”

அவள் சொன்னது நிஜம். கோபம் துளிகூட இல்லை அந்தக் குரலில். ஆனால் கோபம் இல்லாத அந்த அழைப்பைத்தான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. எங்கே வரச் சொல்கிறாள்? எவ்வளவு மெதுவாக?

‘காது’ கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வரிசை. குரல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஏழு தடவை ‘அம்மா’, நாலு தடவை ‘மகள்’. பன்னிரண்டாவது கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தவர் எழுதாமல் நின்றார். பெரியவள் பேனாவை வாங்கி ‘மகள்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதே கட்டத்தில் ஒண்டுக்குடித்தனம் வைத்ததுபோல, நெருக்கி ‘அம்மா’ என்றும் எழுதினாள்.

‘காது’ பேனாவைத் திரும்ப வாங்கினார். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே ‘பாக்கி இல்லை’ என்று எழுதித் தேதி போட்டார்.

மேலே தெருவில் ஹாரன் அடித்தது. பூமிக்கு அடியில், மெத்தைச் சுவருக்குள், கேட்கவே முடியாத சத்தம். கேட்டது. தம்பி வந்துவிட்டான், பதிலுக்காக. அவனிடம் எதைச் சொல்வது, இன்றைய டேப்பில் இருப்பதையா, அன்றைய டேப்பில் இல்லாததையா?

ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது.

“இதோ வர்றேன்” என்றார் அப்பா. இந்தத் தடவை சொன்ன கையோடு எழுந்துவிட்டார். கதவைத் திறந்து, யாரோ முன்னால் போவதற்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்று, பிறகு பதினாறு படியையும் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறினார்.